சுவரை எடுத்துவிட்டு வேலி போட்ட கதை



பொங்கல் அன்று நான் போட்ட தோட்டத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், இந்தக் காலத்தில் யாராவது மரவேலி போடுவார்களா?" என்று ஒருத்தி. "அத்தை, அடுத்த பொங்கலுக்குள் கரையான் தின்றுவிடும், பந்தயம்" என்று அண்ணன் மகன். பெங்களூரிலிருந்து என் பிள்ளையே போன் செய்து, "ஊரெல்லாம் சுவர் எழுப்புகிறார்கள், நீ இருந்த சுவரையும் எடுத்துவிட்டுக் குச்சி நட்டு வைத்திருக்கிறாயே அம்மா" என்று சலித்துக்கொண்டான். தனித்தனியாகப் பதில் எழுதினால் கட்டைவிரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். 38 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

என் கட்சி இதுதான். தெருப் பக்கம் சுவர் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நம் தோட்டத்துக்கும் நடுவில், அதிலும் சொந்தக்காரர் வீடாக இருந்தால், ஆளை மறைக்கிற சுவர் கூடாது. இடுப்பளவு வேலி போதும். அதை மரத்தில் போடுங்கள், பார்க்க லட்சணமாகவும் போடுங்கள்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்துப் பக்கம் என்பது வந்து போனவர்களுக்குத் தெரியும். பழைய நெசவாளர் வீடு. முன்னால் திண்ணை, உள்ளே தறி, அப்புறம் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போய்க் கடைசியில் கிணறும் தோட்டமும். என் மாமனார் காலத்தில் இரண்டு தறி, ஒரே தோட்டம். 1994-ல் பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு ஒரு தறி, தம்பிக்கு ஒரு தறி, வீட்டை நடுவில் தடுத்து ஆளுக்குப் பாதி. அதுவரை சண்டையில்லை. தோட்டத்தை அளந்தபோதுதான் வினை வந்தது. கயிறு பிடித்ததில் ஏழு அங்குலம் யாருக்குச் சேரும் என்று தகராறு. ஏழு அங்குலம்! வகுப்பில் நான் வைத்திருந்த அடிக்கோல் அதைவிட நீளம்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நடுவில் ஏழடிச் சுவர் எழும்பியது. நான் நடுவில் போய்ச் சமாதானம் செய்தேன் என்று எழுதினால் அது பொய். சுவர் வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பங்குச் செங்கல்லுக்காக ஒரு ஜோடி வளையலை அடகு வைத்தது நான்தான். இதைப் படிக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

2011-ல் ஒரு சனிக்கிழமை. என் ஓர்ப்படி அவர்கள் பக்கத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏதோ முனகல் கேட்டது. பூனை என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் மகன் வந்து பார்த்துக் கத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்களுக்கு நடுவில் பத்தடி கூட இருக்காது. நான் உடனே பார்த்திருந்தாலும் முறிந்த எலும்பு முறிந்ததுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவள் ஈரத் தரையில் தனியாகக் கிடந்திருக்க மாட்டாள். இன்றைக்கும் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறாள். அந்த வாக்கர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வளையல் ஞாபகம் வரும்.

2017-ல் என் வீட்டுக்காரர் போனார். கொழுந்தனார் தன் வாசலில் இறங்கி எங்கள் வாசலில் ஏறி வந்தார். 23 வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. சுவர் கட்டியபோது அடியில் தண்ணீர் போக ஓட்டை விடவில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சுவரோரம் தேங்கி, அடிமண் இளகி, கிணற்றுப் பக்கம் பதினைந்தடிச் சுவர் அப்படியே அவர்கள் பக்கம் சாய்ந்தது. இரவு நேரம், தோட்டத்தில் யாரும் இல்லை. அன்று எனக்கு மேட்டுப்பாளையம்தான் நினைவுக்கு வந்தது. 2019 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை நடூரில், மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்து தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். ஒதுக்கி வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் அது என்று அந்த மக்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டுச் சுவரை அதோடு ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கட்டும் எல்லாச் சுவரையும் அன்றிலிருந்து சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

விழுந்த இடத்தில் என்ன செய்வது? கொழுந்தனார் மகன் உடனே, "பெரியம்மா, ரெடிமேட் காம்பவுண்ட் போட்டுவிடலாம், ரெண்டே நாளில் முடிந்துவிடும்" என்றான். சிமெண்ட் கால் நட்டு நடுவில் சிமெண்ட் பலகை செருகுவார்களே, அது. ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் போனால் வீடே இல்லாத மனைக்கெல்லாம் அந்தச் சாம்பல் நிறச் சுவர்தான் நிற்கிறது. என் பிள்ளையும் அதற்கு ஓட்டுப் போட்டான். "நாளைக்கு விற்கும்போது சுவர் இருந்தால் மதிப்பு" என்றான். நான் உயிரோடு இருக்கும்போதே விற்பதைப் பற்றிப் பேசுகிறான் பாருங்கள்.

திருடன் வருவான் என்றார்கள். திருடன் பின் சந்து வழியாகத்தான் வர வேண்டும், அங்கே சுவர் அப்படியே இருக்கிறது. பங்காளி வீட்டுக் கிணற்றடி வழியாக எந்தத் திருடனும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பாம்பு வரும் என்றார்கள். சுவர் இருந்த காலத்திலும் வந்தது, செங்கல் இடுக்கில் குடியே இருந்தது. குரங்குக்குச் சுவரும் ஒன்று, வேலியும் ஒன்று, கோயில் ஊரில் அதற்கு மருந்து கிடையாது. ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தில் கிணற்றடியில்தான் பெண்கள் குளித்தோம், அப்போது மறைவு வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வீட்டிலும் உள்ளேயே குளியலறை வந்துவிட்டது. எதை மறைப்பதற்கு இந்த ஏழடி?

உயிர்வேலி வைக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். எனக்கும் அதுதான் முதல் ஆசை. என் பிறந்த ஊரில் கிளுவையும் ஒதியனும் கொம்பை வெட்டி நட்டால் அதுபாட்டுக்குத் துளிர்க்கும். நடுநடுவே பூவரசு, நொச்சி, ஆடாதொடை. வேலியே வீட்டு வைத்தியர் மாதிரி. ஆனால் உயிர்வேலி நன்றாக வளர்ந்தால் இரண்டடி மூன்றடி அகலம் கேட்கும். ஏழு அங்குலத்துக்கு 23 வருடம் பேசாமல் இருந்த குடும்பத்தில் மூன்றடியை எந்தப் பக்கம் கேட்பது? மரவேலிக்குக் கால் நிற்கும் ஐந்தாறு அங்குலம் போதும். கொழுந்தனார் அதற்குத் தலையாட்டினார். பேசவில்லை, தலையாட்டினார். (வேலி என்பது நிலத்துக்கும் ஓர் அளவு. தஞ்சாவூர்ப் பக்கம் 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்கு மேல் வரும். நம் ஊரில் ஏழு அங்குலமே வேலியளவு சண்டை.)

இனி வேலை நடந்த விதம். வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு உதவும், கவனமாகப் படியுங்கள்.

தச்சர் என் பழைய மாணவர்தான். பெயர் போட வேண்டாம் என்றார். ஐந்தாம் வகுப்பில் நான் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி கதை சொன்னபோது எழுந்து நின்று, "டீச்சர், நாலு சவுக்குக் கழி நட்டிருந்தால் போதுமே, தேர் எதற்கு?" என்று கேட்ட பிள்ளை. அன்றைக்கே தச்சுப் புத்தி. அவர் அப்பா தறி செய்தவர். இவரும் தறி வேலையில் ஆரம்பித்து, தறிகள் குறையக் குறைய இப்போது பிளைவுட்டில் அலமாரி செய்கிறார். "அலமாரிக்கு உளியே தேவைப்படுவதில்லை டீச்சர், பசையும் மெஷினும் போதும்" என்றார். வேலி என்றதும் மறுநாளே அளவு எடுக்க வந்துவிட்டார்.

முதல் கேள்வி, கரையான். அண்ணன் மகன் பந்தயம் கட்டியதும் அதைத்தான். மரவேலி எங்கே கெடுகிறது? நடுவிலும் கெடாது, மண்ணுக்குள் ஆழத்திலும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த நாலு விரற்கடை இடத்தில்தான் கெடும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரை மட்டத்தில். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அத்தி வரதர் 1979-ல் எழுந்தருளியபோது ஆசிரியர் பயிற்சியில் இருந்த நான் போய்ச் சேவித்தேன். மறுபடி 2019 ஜூலை 1-ல் எழுந்தருளினார், நான் ஓய்வு பெற்றிருந்த வருடம். நடுவில் 40 ஆண்டு அனந்தசரஸ் குளத்துக்குள் நீருக்கடியில். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், மரத்தின் குணத்தையும் பாருங்கள். முழுக்க மூழ்கிய மரத்துக்குக் காற்று போகாது, அதனால் சீக்கிரம் மக்காது. இத்தாலியில் வெனிஸ் நகரம் நிற்பதே தண்ணீருக்கடியில் அடித்த மரக் கம்பங்களின் மேல்தான். ஆனால் அதே மரத்தைப் பாதி மண்ணிலும் பாதி வெளியிலும் நட்டு வையுங்கள், சில மழைக்காலத்திலேயே கழுத்தறுந்த மாதிரி விழும்.

அதனால் நாங்கள் மரத்தை மண்ணில் நடவே இல்லை. கல்கால் நட்டோம். ஐந்தரை அடி உயரக் கருங்கல் கால், இரண்டடி மண்ணுக்குள், மூன்றரை அடி மேலே. குழிக்கு அடியில் ஒரு கூடை ஜல்லி, தண்ணீர் இறங்குவதற்கு. கல்லில் துளை போட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குறுக்குச் சட்டத்தை போல்ட் வைத்து முடுக்கி, அதன்மேல் நிற்கும் சட்டங்கள். எந்தச் சட்டமும் மண்ணைத் தொடாது, மூன்று அங்குலம் இடைவெளி. கரையான் வந்தால் கல்லின் மேல் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். மரக்கால் நட்டால் அது உள்ளேயே ஏறிவிடும், நமக்குத் தெரியும்போது மரம் வெறும் தோலாக நிற்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. தோட்டத்து எல்லை 42 அடி. ஏழடிக்கு ஒரு கால். எத்தனை கால் வேண்டும்? கொழுந்தனார் மகன் எம்.எஸ்ஸி. படித்தவன், ஆறு கல் வாங்கி வந்து இறக்கினான். நாலாம் வகுப்பில் இந்தக் கணக்கை வருடாவருடம் போட்டிருக்கிறேன், வருடாவருடம் முக்கால் வகுப்பு ஆறு என்றுதான் எழுதும். இடைவெளி ஆறு, கால் ஏழு! கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள், அங்கேயும் இந்தத் தப்பு நடக்கும், அதற்குப் பெயரே 'ஃபென்ஸ் போஸ்ட் எரர்' என்றார்கள். கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏழாவது கல்லுக்கு அவன் தனியாக ஒரு வண்டி வாடகை கொடுத்தான்.

மரம் எங்கே வாங்குவது என்பது அடுத்த கேள்வி. சவுக்கு மலிவு, ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வேலிக்கு அதை நம்ப முடியாது. அது பந்தலுக்கும் சாரத்துக்கும் சரி. (சவுக்கைத் தோப்புத் தோப்பாக நம் கடற்கரையில் 19-ம் நூற்றாண்டில் நட்டதே ரயில் எஞ்சினுக்கு விறகாகத்தான்.) வைரம் பாய்ந்த பனை என்றால் பேச்சே இல்லை, ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அது நல்ல காரியம், அதில் நாம் கை வைக்க வேண்டாம். புதுத் தேக்கு என் பென்ஷனுக்குக் கட்டாது. தச்சர் ஒரு வழி சொன்னார். நம் தெருக்களில் ஓட்டு வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த உத்தரமும் ரீப்பரும் பழைய மரக்கடையில் குவிந்து கிடக்கிறது. எழுபது எண்பது வருடம் காய்ந்த மரம், இனிமேல் அது வளையவும் போவதில்லை, வெடிக்கவும் போவதில்லை. ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, பிளந்துவிடும். முதலில் துளை போட்டு, துரு ஏறாத ஸ்க்ரூ முடுக்க வேண்டும். மூன்று அங்குல அகலச் சட்டம், நடுவே இரண்டு அங்குல இடைவெளி. ஐந்து அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்து, 42 அடிக்குச் சுமார் நூறு சட்டம். அவ்வளவும் பழைய மரக்கடையில் கிடைத்தது.

குறுக்குச் சட்டத்துக்கு நீளமான, கனமான மரம் வேண்டும். அப்போது பரணில் கிடந்த எங்கள் தறி ஞாபகம் வந்தது. தறிக்குழியை சிமெண்ட் போட்டு மூடி வருடக்கணக்காகிவிட்டது. கட்டைகளை இறக்கிச் சீவிப் பார்த்த தச்சர், "இதை என் அப்பாதான் செய்தார் டீச்சர், இந்தப் பொளி அவர் கைதான்" என்றார். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. எங்கள் ஒரு தறியின் மரம் மூன்று இடைவெளிக்குத்தான் வந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால், கொழுந்தனார் அவர் பங்குத் தறியின் கால்களையும் துணி சுற்றுகிற படமரத்தையும் கல்கால் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு டம்ளர் காபி கொண்டுபோய்க் கல்லின் மேல் வைத்தேன், ஒன்றை எடுத்துக் குடித்தார்.

இப்போது அலங்காரம். தச்சர் ஒவ்வொரு சட்டத்தின் தலையையும் கூம்பாகச் சீவினார். நூறு கூம்பும் வரிசையாக நின்றதும் என் ஓர்ப்படி வாக்கரோடு வந்து பார்த்து, "அக்கா, தாழம்பூ ரேக்கு" என்றாள். அப்படியே நம் பட்டுச் சேலைக் கரையில் பல் பல்லாக வருமே, அதேதான். வீம்புக்குச் செய்த அழகில்லை அது. தட்டையாக வெட்டிய மரத்தின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். கூம்பாக இருந்தால் வழிந்து ஓடிவிடும். நல்ல நெசவிலும் அப்படித்தானே, கோர்வைக் கரையை உடலோடு கோப்பது அழகுக்கு மட்டுமா, பிடிமானத்துக்கும்தான்.

பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் ஒரு தோல் மாதிரி நிற்கும், வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல் மரத்தை அழுக்கும். ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் இரண்டு தடவை தேய்த்தோம். முந்திரி ஓட்டு எண்ணெய் இன்னும் நல்லது, படகுக்கே பூசுவார்கள், ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போடும், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம் என்று விட்டேன். வண்டிக்கடைப் பழைய ஆயில் பூசச் சொன்னவர்களுக்கு: அது மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும், அந்த மண்ணில்தான் நான் கீரை விதைக்கிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்க்க வேண்டும். "இதுதான் தொந்தரவு" என்கிறான் என் பிள்ளை. சுவருக்கு இந்த வேலையில்லை, உண்மைதான். சுவரைக் கட்டிவிட்டால் மறந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் மறந்தோம், அது ஊறியது கூட இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. வேலிக்கு ஆவணியில், மழைக்கு முன்னால், இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவர்களும் துணியும் கிண்ணமுமாக நின்றே ஆக வேண்டும். அப்போது எதிரெதிரே நின்று பேசாமல் எண்ணெய் தேய்க்க முடியுமா? எனக்கு அந்தத் தொந்தரவுதான் வேண்டும்.

செலவைக் கேட்டவர்களுக்கு: ரெடிமேட் சுவருக்குக் கேட்ட தொகையைவிடக் கொஞ்சம் அதிகம்தான் ஆனது. மரம் மலிவு, தச்சர் கூலிதான் அதிகம். அந்தக் கூலி சிமெண்ட் பலகை செய்யும் இடத்துக்குப் போகாமல் உளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போனது. இரண்டு வீடும் பாதிப் பாதி. மீதிச் சுவரை இடித்த செங்கல்லைக் கிணற்றடிக்குப் பாதையாகப் பரப்பிவிட்டோம், வழுக்காது.

இப்போது காலையில் வாக்கர் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கினாலே அவள் தெரிகிறாள். கறிவேப்பிலை இந்தப் பக்கமிருந்து போகிறது, அவரைக்காய் அந்தப் பக்கமிருந்து வருகிறது. அவரைக்கொடி கேட்காமலே வேலியில் ஏறிவிட்டது. நில அளவையரைக் கூப்பிட்டு அந்த ஏழு அங்குலத்தை முடிவாக அளந்துவிடலாம் என்று கொழுந்தனார் மகன் சொல்லிப் பார்த்தான். அவன் அப்பா வாய் திறந்து, "அவரைக்கொடியைக் கேள்" என்றார்.

நடு இடைவெளியில் மூன்றடிக்கு ஒரு கதவு வைக்க வேண்டும், அது பாக்கி. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தது. இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற மாதிரி மேலே ஒரு மரக்கொக்கி போடுகிறேன் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். கதவுக்குக் கனமான மரம் ஏழடி குறைகிறது. உங்களில் யார் வீட்டிலாவது பிரித்துப் போட்ட தறிக்கட்டை இருந்தால், விறகுக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன்.